நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

1617-இல் நெதர்லாந்தில் தீட்டிய ஓவியம் அது. பெயர் ‘டெ விக்கல்கிண்டரன்’. துணியில் இறுகச் சுற்றிய இரண்டு பச்சைக் குழந்தைகள். முகச்சாயல் ஒன்றுதான், நிறம்தான் வேறு: ஒன்று வெளிறிப்போயிருக்கிறது, மற்றொன்று ரத்தச் சிவப்பு. ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிட்டுக்கொண்ட இரட்டையருக்கு வரும் சிக்கலைத்தான் அந்த ஓவியர் கண்டவாறே தீட்டியிருக்கிறார் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

எந்த நாளில் பிரிந்தது?

இரட்டை வாழைப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை என்பார்கள். பழத்துக்கு இதில் பங்கில்லை. ஒரே கரு இரண்டாகப் பிரிவதால்தான் அச்சுப் பிசகாத இரட்டையர் உருவாகிறார்கள். முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி. அதற்குப் பின் என்றால் இருவருக்கும் ஒன்றுதான். இப்படிப் பிறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இந்த இரண்டாம் வகை.

ரத்தம் ஒரு பக்கம் சாய்ந்தால்

பங்கிட்ட நஞ்சுக்கொடியில் இருவரின் ரத்தக்குழாய்களும் ஆங்காங்கே இணைந்திருக்கும். வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை தொல்லையில்லை. இத்தகைய கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்தில் அந்தச் சமநிலை குலைகிறது. மருத்துவர்கள் இதை ‘டி.டி.டி.எஸ்.’ என்பார்கள்.

ரத்தம் கொடுக்கும் குழந்தைக்குச் சிறுநீர் குறையும், பனிநீர் வற்றும். கடைசியில் சவ்வு அதன் உடம்போடு ஒட்டிக்கொள்ள, கருப்பைச் சுவரோரம் அசையாமல் கிடக்கும். வாங்கும் குழந்தை கொழுத்து வளரும் என்று நினைத்துவிடாதீர்கள். அளவுக்கு மீறிய ரத்தத்தை இறைத்து இறைத்து அதன் இதயம் தளர்கிறது. அதன் பனிக்குடத்தில் நீர் பொங்குகிறது. இருபது வாரத்துக்கு முன் ஒரு குடத்தில் நீரின் ஆழம் 8 செ.மீ. தாண்டி, மற்றதில் 2 செ.மீ.க்கும் குறைந்தால் நோய் உறுதி.

முற்றிய நிலையில் சும்மா விட்டால் பெரும்பாலும் இரண்டு குழந்தைகளும் தங்குவதில்லை. 1980களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா, தாயின் வயிற்றுக்குள் மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தி, இணைப்புக் குழாய்களை லேசரால் சுட்டு அடைக்கத் தொடங்கினார். நீரை மட்டும் வடித்தெடுக்கும் பழைய முறையோடு ஒப்பிட்டு ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஒரு குழந்தையாவது பிழைத்தது லேசர் முறையில் 76 சதவீதம், பழைய முறையில் 56.

இன்னும் அரிதானவை

இணைப்புகள் மயிரிழை அளவில் இருந்தால் ரத்தம் சொட்டுச்சொட்டாக ஒரு பக்கம் போகும். பனிநீர் அளவு மாறாததால் சாதாரண ஸ்கேன் ஏமாற்றிவிடும். மூளை ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளந்தால்தான் பிடிபடும். ஒன்றுக்கு ரத்தசோகை, மற்றதற்கு ரத்தம் தடித்துப்போகும்.

வேறொன்று கேட்கவே கலங்கவைப்பது. இதயமே உருவாகாத ஒரு கருவுக்கும் சேர்த்து மற்றதன் இதயம் ரத்தம் இறைக்கும். நல்ல குழந்தையைக் காக்க அந்த ரத்த ஓட்டத்தை அடைத்தாக வேண்டியிருக்கலாம். பனிக்குடமும் ஒன்றேயானால் இரு தொப்புள்கொடிகளும் பின்னிக்கொள்ளும்.

என்.டி. ஸ்கேனில் கேளுங்கள்

“ரெட்டைப் பிள்ளையா?” என்று எல்லோரும் கேட்கிறோம். “நஞ்சு ஒண்ணா ரெண்டா?” என்று கேட்பவர் குறைவு. அதைத் துல்லியமாகச் சொல்ல ஏற்ற நேரம் என்.டி. ஸ்கேன் எடுக்கும் 11 முதல் 14 வாரத்துக்குள். இரு குழந்தைகளுக்கும் நடுவிலுள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் முக்கோணமாகத் தடித்திருந்தால் நஞ்சு இரண்டு. மெல்லிசாக நேரே இறங்கி ‘டி’ எழுத்துபோல நின்றால் ஒன்று. மாதம் ஏற ஏற இந்த அடையாளம் மங்கிவிடும்.

ஒன்று என்றால் பதினாறாம் வாரம் தொட்டு இரு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். செலவும் அலைச்சலும்தான், ஆனால் இதில் சிக்கனம் கூடாது. இடையில் சில நாள்களிலேயே வயிறு விறைத்துப் பெருத்து மூச்சு வாங்கினால், “ரெட்டைன்னா வயிறு அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் யார் சொன்னாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கிளம்புங்கள்.