பொது நிரலால் விரிதாள்களை இணைத்தல்

மாணாக்கர் பெயர்கள் ஒரு விரிதாளிலும் அவர்தம் மதிப்பெண்கள் மற்றொன்றிலும் இருப்பின், அவ்விரண்டையும் இணைப்பது எங்ஙனம்? ஒரே பெயருடையார் இருவர் இருத்தல் கூடுமாதலின், இருதாள்களிலும் பதிவெண் நிரல் இருத்தல் வேண்டும். எக்ஸெல் 2016 பதிப்பு முதல் அதனுள்ளேயே அமைந்துள்ள பவர் குவெரி என்னும் கருவிக்கு அந்நிரலை ஒருமுறை காட்டிவிடின், தாள்கள் மாறுந்தோறும் புதுப்பிக்கும் ஆணை ஒன்றே போதும். முன்செய்த படிகளை அது தானே திரும்பச் செய்யும்.

ஆயினும் நாம் விழிப்பாயிருத்தல் அவசியம். ஒரு பதிவெண் ஒரு தாளில் 2 முறையும் மற்றதில் 3 முறையும் வரின், 6 வரிகள் தோன்றும். இருதாளிலும் உள்ளோரை மட்டும் கொள்ளும் இணைப்போ, மதிப்பெண் பதியப்பெறாத மாணாக்கனை அறவே நீக்கிவிடும். உபகாரச் சம்பளப் பட்டியலில் அவன் பெயர் விடுபட்டதை ஒருவரும் அறியார். ஆதலின், பெயர்த்தாளிலுள்ளார் அனைவரையும் நிறுத்தும் இணைப்பையே நாம் கொள்வோமாக. அவன் வரியில் காணும் வெற்றிடம், விசாரிக்க வேண்டுமென்பதை நமக்கு உணர்த்தும்.