உயரமான நாற்று நல்ல நாற்றா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது பழமொழி. முளையைக் கொண்டே பயிரின் வருங்காலத்தைக் கணித்துவிடலாம் என்பது பெரும்பாலும் உண்மையே. ஆனால், முளையில் எதைப் பார்ப்பது என்பதில்தான் பலர் ஏமாந்துவிடுகின்றனர். நாற்றுப் பண்ணைக்குச் செல்வோரில் பலர் உயரமாக நிற்கும் நாற்றையே விரும்பிக் கேட்டு வாங்குகின்றனர். தக்காளியில் இதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை, வெள்ளரியில் நேர்கிறது. நூல் போல் மெலிந்து, வெளிறி, நெடுநெடுவென்று வளர்ந்த வெள்ளரி நாற்று, நட்ட மறுநாள் வெயிலிலேயே தரையில் சாய்ந்துவிடும். அது அவ்வாறு நீள்வது ஏன், நீண்டுவிட்ட நாற்றை நடலாமா, நடுவதானால் எவ்வாறு நடுவது என்பவற்றை நாம் வகுப்பில் கற்கும் தாவரவியலைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடும் பயிரும் ஊன்றும் பயிரும்

வெள்ளரி நம் நாட்டுப் பயிர். அதன் காட்டு உறவினம் இமயமலை அடிவாரத்தில் இன்றும் காணப்படுகிறது. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்குக் ‘குக்குமிஸ் சட்டைவஸ்’ என்று பெயரிட்டார்.

நெல், கத்தரி, மிளகாய் ஆகியவற்றை நாற்று விட்டு, பறித்து நடுவது நம் உழவர் வழக்கம். வெள்ளரி, பூசணி, சுரை, பாகல், பீர்க்கு ஆகியவற்றையோ குழியெடுத்து, எருவிட்டு, அங்கேயே விதையை ஊன்றுவார்கள். குழிக்கு நான்கைந்து விதை ஊன்றி, முளைத்தபின் இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைந்துவிடுவார்கள். ஒன்றைப் பறித்து நடவும் மற்றொன்றை ஊன்றவும் செய்த இந்த வழக்கத்திற்குத் தக்க காரணம் உண்டு. அது வேரில் இருக்கிறது.

தக்காளி, கத்தரி வகையில் அறுபட்ட வேரிலிருந்து புதுவேர் விரைவாகக் கிளைக்கும். நெற்பயிரில் தண்டின் அடிக்கணுக்களிலிருந்தே புதுவேர் புறப்படும். வெள்ளரிக் குடும்பத்தில் அப்படியன்று. இக்குடும்பச் செடிகளின் வேரில் சுபரின் என்னும் நீர்புகாப் பொருள் இளமையிலேயே படிந்துவிடுகிறது. படிந்த பகுதி நீரை எளிதில் உறிஞ்சாது. அறுந்தால் விரைவில் கிளைக்கவும் செய்யாது. வெள்ளரியின் அகன்ற மெல்லிய இலைகளோ நீரை மிகுதியாக ஆவியாக்குவன. வரவு குறைந்து செலவு குறையாத குடும்பம் என்ன ஆகுமோ அதுவே வேர் அறுந்த வெள்ளரிக்கும் ஆகிறது.

அப்படியானால் வெள்ளரியை நாற்றாக வளர்ப்பானேன் என்று கேட்கலாம். பசுமைக்குடில்களில் பயிரிடும் வீரிய ஒட்டு வெள்ளரியின் விதை, எண்ணி விற்கப்படும் விலையுயர்ந்த பொருள். குழிக்கு ஐந்து என்று அதை ஊன்ற இயலாது. ஆகவே, 98 குழிகள் கொண்ட தட்டுகளில் மக்கிய தென்னைநார்க் கழிவை இட்டு, குழிக்கு ஒரு விதை வைத்து வளர்க்கின்றனர். ஏறத்தாழ 12 நாளில், ஊட்டப்பொருள் உருண்டையோடு வேர் அறாமல் எடுத்து நட்டுவிட வேண்டும். அந்த நாளில் வயல் ஆயத்தமாக இல்லாவிட்டால்தான் தொல்லை. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை, மழை விடவில்லை, மோட்டாருக்கு மின்சாரம் இல்லை என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போக, தட்டில் உள்ள நாற்று நீண்டுகொண்டே போகிறது.

நீள்வது ஏன்?

வெள்ளரி முளைக்கும்போது இரண்டு வித்திலைகளும் மண்ணுக்கு மேலே வருகின்றன. வேருக்கும் வித்திலைக்கும் இடைப்பட்ட பகுதியை வித்திலைக் கீழ்த்தண்டு என்கிறோம். அளவுக்கு மீறி நீள்வது பெரும்பாலும் இப்பகுதிதான்.

இருளில் முளைத்த பயறு வெளிறி நீள்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நம் பாடநூல் இதனை ‘ஈட்டியோலேஷன்’ என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார், “நாத்து வெளிச்சத்துக்கு ஏங்கி நிக்குது” என்பார். இரண்டும் ஒன்றே. மண்ணுக்குள் முளைத்த வித்து வெளிச்சத்தை எட்டும்வரை மேல்நோக்கி நீள வேண்டும். எட்டியதும் நீள்வதை நிறுத்தி இலையை விரிக்க வேண்டும். எட்டிவிட்டோமா இல்லையா என்பதைச் செடி எப்படி அறிகிறது?

அதற்குப் பைட்டோகுரோம் என்னும் நிறமி உதவுகிறது. 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் அறிஞர்கள் இதனை இனங்கண்டனர். சிவப்பொளி படும்போது இந்நிறமி ஒரு வடிவத்தையும், அதற்கும் அப்பாலுள்ள தொலைச்சிவப்பு ஒளி படும்போது மற்றொரு வடிவத்தையும் அடைகிறது. சூரிய ஒளியில் சிவப்பு மிகுதி. பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைச்சிவப்பை விட்டுவிடுவதால், இலை நிழலில் தொலைச்சிவப்பே மிகுந்திருக்கும். எனவே, நெருங்கிய தட்டில் நிற்கும் நாற்று, பக்கத்து நாற்று தன்மேல் நிழல் விழச் செய்யும் முன்பே அதன் நெருக்கத்தை உணர்ந்துவிடுகிறது. உடனே ஆக்சின், ஜிப்பெரலின் ஆகிய ஹார்மோன்களின் தூண்டுதலால் அண்டைச் செடியை முந்தி நீளத் தொடங்குகிறது. பைட்டோகுரோமின் ஒரு வகை குறைபட்ட வெள்ளரித் திரிபு ஒன்றுண்டு. அது நல்ல வெளிச்சத்தில் நின்றாலும் நிழலில் நிற்பது போலவே நீள்கிறது. செடி நீள்வதற்கு உரக்குறைவோ நீர்க்குறைவோ காரணமன்று என்பதை இதிலிருந்தே தெளியலாம்.

ஜிப்பெரலின் கண்டறியப்பட்ட வரலாறும் இங்கு நினைவுகூரத்தக்கது. நெல் நாற்றுகளில் சில திடீரென நீண்டு, வெளிறி, மணி பிடிக்காமலே மடிவதை ஜப்பானிய உழவர்கள் ‘பக்கானே’ என்றனர். ‘முட்டாள் நாற்று’ என்பது அதன் பொருள். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே இதற்குக் காரணம் என்று 1926இல் குரோசாவா காட்டினார். அப்பொருளே பின்னர் ஜிப்பெரலின் எனப்பட்டது.

இவ்வாறு நீளும்போது புதிய செல்கள் மிகுதியாகத் தோன்றுவதில்லை. இருக்கும் செல்களே இழுபட்டு நீள்கின்றன. செல்சுவர் மெலிகிறது, தண்டு வலுவிழக்கிறது. இருட்டில் நீண்ட நாற்றைக் காயவைத்து நிறுத்தால், அது தோன்றிய விதையைவிட எடை குறைந்திருக்கும். ஒளிச்சேர்க்கை இல்லாத நிலையில் சுவாசம் விதையின் சேமிப்பைக் கரைத்துவிடுவதே காரணம். கண்ணுக்கு வளர்ச்சியாகத் தோன்றுவது தராசில் தேய்வாக இருக்கிறது.

தக்காளியைப் போல் புதைக்கலாமா?

நீண்ட தக்காளி நாற்றின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைச் சாய்த்துப் புதைத்தால், புதைந்த தண்டு முழுவதும் வேர் விடும். இதைக் கண்டவர்கள் வெள்ளரியையும் அவ்வாறே ஆழப் புதைத்துவிடுகின்றனர்.

வெள்ளரியின் கீழ்த்தண்டும் ஈரமண்ணில் வேர் விடக்கூடியதே. ஆனால், தக்காளியைப் போல் விரைவாகவும் மிகுதியாகவும் விடுவதில்லை. அதற்குள் மென்மையான அத்தண்டைப் பித்தியம் முதலிய நோய்க்கிருமிகள் தாக்கி, நாற்றழுகலை உண்டாக்கிவிடும். எனவே மண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நீர் நன்கு வடியும் பொலபொலப்பான மண்ணாயின், வித்திலைக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்டைப் புதைக்கலாம். களிமண்ணாயின் புதைக்கவே கூடாது. தட்டில் நின்ற ஆழத்திலேயே நட்டு, குச்சி ஊன்றித் தாங்கல் கொடுப்பதே நன்று. எந்த மண்ணிலும் வித்திலை மண்ணுக்குள் போகலாகாது.

நடும் முறை

முதலில், நீண்ட நாற்றை நேரே நடுப்பகல் வெயிலில் வைக்கக் கூடாது. நிழலில் வளர்ந்த இலை கருகிவிடும். மூன்று நான்கு நாள் காலை வெயிலை மட்டும் காட்டி, நாள்தோறும் நேரத்தைக் கூட்டிவர வேண்டும். நீண்ட தண்டு மீண்டும் குறுகாது என்பதையும், இனித் தோன்றும் பகுதியே திடமாக இருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

நடவை மாலையில் செய்ய வேண்டும். சற்று முன்னரே தட்டுக்கு நீர் தெளித்தால் உருண்டை உதிராது. தண்டைப் பிடித்து இழுக்காமல், தட்டின் அடித்துளை வழியே உருண்டையைத் தள்ளி எடுக்க வேண்டும். நட்டபின் மண்ணை மிதித்து இறுக்காமல் விரலால் மெல்ல அணைக்க வேண்டும். பூவாளியால் நீர் விட வேண்டும். மெல்லிய துணிப்பட்டையால் குச்சியோடு தளர்வாகக் கட்டி, மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் துண்டொன்றை மூன்று நாள் சாய்த்து வைத்தால் பிற்பகல் வெயில் தாக்காது. தட்டிலேயே பூ வைத்துவிட்ட நாற்றானால், அப்பூவைக் கிள்ளிவிடுவது நல்லது. வேர் பிடிக்கும் முன் காய்க்கும் உணவு கேட்டால் செடி தாங்காது. புது இலை வரும்வரை யூரியா இடுவதும் வேண்டாம்.

தண்டின் அடி பழுத்துச் சுருங்கியிருந்தாலும், வேர் பழுப்பேறிச் சுருண்டு உருண்டையைச் சுற்றியிருந்தாலும், வித்திலைகள் மஞ்சளாகி உதிர்ந்திருந்தாலும் அந்த நாற்றை நடாமல் விட்டுவிடுவதே மேல். வெதுவெதுப்பான மண்ணில் வெள்ளரி விதை மூன்று முதல் ஐந்து நாளில் முளைத்துவிடும். நலிந்த நாற்று வேர் பிடிக்கப் போராடும் நாட்களுக்குள், புதிதாக ஊன்றிய விதை முளைத்து அதனை எட்டிப் பிடித்துவிடக்கூடும். ஐயமுள்ள இடத்தில் நட்ட நாற்றின் அருகே ஒரு விதையை ஊன்றி வைப்பது பாதுகாப்பு. பின்னர் இரண்டில் நலிந்ததைக் கத்தரியால் வெட்டிவிடலாம். பிடுங்கினால் நல்ல செடியின் வேரும் அசையும்.

நீளாமல் காத்தல்

முளை தலைகாட்டிய அன்றே தட்டுகளை நல்ல வெளிச்சத்திற்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் தாமதமும் தண்டின் நீளத்தில் தெரியும். இலைகள் ஒன்றையொன்று தொடத் தொடங்கினால் இடம் விட்டு வைக்க வேண்டும். காற்றும் நன்று. தொடுதலும் அசைவும் செடியைக் குட்டையாகவும் தடிப்பாகவும் ஆக்கும் என்பதை 1973ஆம் ஆண்டில் ஜாஃபி என்ற அறிஞர், வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த பிரையோனியா என்ற கொடியைக் கொண்டு விரிவாக விளக்கினார். நாற்றின் நுனியை நாள்தோறும் கையால் மெல்லத் தடவிக் கொடுப்பதும் பயனளிக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, வயல் என்று ஆயத்தமாகும் என்று கணக்கிட்டு, அதற்குப் 12 நாள் முன்னரே விதைக்க வேண்டும். வயலைப் பார்த்து விதைப்பவர்க்கு நெட்டை நாற்று என்னும் தொல்லை பெரும்பாலும் நேர்வதில்லை.

இவற்றை நம் கல்லூரித் தோட்டத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். பத்து விதைகளைத் திறந்த வெயிலிலும், பத்து விதைகளை அறையின் மூலையிலும், பத்து விதைகளை வெயிலில் வைத்து நாள்தோறும் இருபது முறை தடவியும் வளர்க்கலாம். பன்னிரண்டாம் நாள் கீழ்த்தண்டின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, பின்னர் உலர்த்தி எடை பார்க்கலாம். செலவு மிகக் குறைவு. வேண்டியதெல்லாம் ஓர் அளவுகோலும் ஆய்வகத் தராசும்தான்.

நம்மில் பலர் உழவர் வீடுகளிலிருந்து வந்தவர்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டார் நாற்று வாங்கப் புறப்பட்டால் நாமும் உடன் செல்வோம். உயரத்தைப் பார்க்காமல், குட்டையான தடித்த தண்டு, பசுமை மாறாத வித்திலை, வெண்மையான வேர், இரண்டே இலை ஆகிய நான்கையும் பார்த்து வாங்கச் சொல்வோம். கற்ற கல்வி வீட்டிற்குப் பயன்பட இதுவும் ஒரு வழியாகும்.