வைத்தியசாலைப் பரிசோதனை அறிக்கைகளை மக்கள் அறிய வேண்டாமா?

சாப்பாட்டுக் கடையொன்றில் அசுத்தம் காணப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நீதிமன்றம் செல்கின்றார். அபராதம் விதிக்கப்படுகின்றது. மறுநாள் அச்செய்தி பத்திரிகையில் வெளிவர, ஊரும் அறிந்து கொள்கின்றது. ஆனால், தாம் நாடிச் செல்லும் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடம் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, அங்கு என்ன குறை காணப்பட்டது, அது திருத்தப்பட்டதா என்பவற்றை அதே ஊரவர்கள் அறிந்து கொள்வது எளிதன்று.

மூதூரிலிருந்தோ மன்னாரிலிருந்தோ பதுளையிலிருந்தோ நகையை அடகு வைத்துக் கொண்டு தனியார் சிகிச்சையைத் தேடி வரும் குடும்பம், எந்த ஆதாரத்தைக் கொண்டு வைத்தியசாலையைத் தெரிவு செய்கின்றது? உறவினரின் சொல்லும், வைத்தியரின் பெயரும், கட்டடத்தின் பொலிவுமே அதற்குக் கிடைக்கும் ஆதாரங்களாகும்.

எமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு செய்தல்) சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி தனியார் வைத்தியசாலைகளும் ஆய்வுகூடங்களும் சிகிச்சை நிலையங்களும் பதிவு செய்யப்பட்டு, ஆண்டுதோறும் அப்பதிவு புதுப்பிக்கப்படல் வேண்டும். தரங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் சபையிடம் உள்ளது. பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குவதை நோயாளி காண்கின்றார். ஆனால் அச்சான்றிதழ், நிறுவனம் பதிவு பெற்றது என்பதை மட்டுமே கூறும். உள்ளே கண்ட குறைகளைக் கூறாது.

தகுதிச் சான்றை மட்டும் நம்புவதன் ஆபத்துக்குப் பிரித்தானியாவின் ஸ்டபர்ட் வைத்தியசாலை தக்க உதாரணமாகும். அதனை நடத்திய நிறுவனத்துக்கு 2008 பெப்ரவரியில் உயர் தன்னாட்சித் தகுதி வழங்கப்பட்டது. அடுத்த மாதமே, அங்கு நிகழ்ந்த மரணங்கள் தொடர்பாக மற்றொரு கண்காணிப்பு அமைப்பு விசாரணையை ஆரம்பித்தது. ஓர் அமைப்பு பாராட்டியதை மற்றோர் அமைப்பு சந்தேகித்தது. ரொபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பகிரங்க விசாரணையின் அறிக்கை 2013 பெப்ரவரியில் வெளியானபோது, நோயாளரினதும் உறவினரினதும் குரல்கள் செவிமடுக்கப்படாமற் போனமை வெட்டவெளிச்சமாயிற்று.

இதன் பின்னர் இங்கிலாந்தின் பராமரிப்புத் தர ஆணைக்குழு, ‘மிகச் சிறப்பு’ தொடக்கம் ‘போதாது’ வரையான நான்கு தரப்படுத்தல்களை வழங்கி, அவற்றை அறிக்கைகளுடன் வெளியிடத் தொடங்கியது. 2015 ஏப்ரல் முதல் அத்தரத்தை மக்கள் காணும் இடத்தில் காட்சிப்படுத்துவதும் கட்டாயமாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்கள், தம்மைப் பற்றிய அண்மைய பரிசோதனை முடிவுகளை, வசிப்போரும் குடும்பத்தினரும் கேட்டுப் பெறாமலே பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தல் வேண்டும். கண்ட குறையுடன், அதனை நிவர்த்திக்க நிர்வாகம் முன்வைக்கும் திட்டமும் பதிவாகின்றது.

அங்கும் எல்லாம் சீராக இருப்பதாக நாம் கூறவரவில்லை. 2024 ஜூலையில் பிரித்தானிய சுகாதாரச் செயலாளரே மேற்படி ஆணைக்குழு தன் நோக்கத்துக்குத் தகுதியற்றதாக உள்ளது எனப் பகிரங்கமாகக் கூற நேர்ந்தது. பரிசோதனைகள் தாமதமாகி, பழைய தரப்படுத்தல்களே நீடித்தமை அதற்கான காரணங்களில் ஒன்றாகும். எனவே அறிக்கையை வெளியிடுவது மட்டும் போதாது. உரிய காலத்தில் பரிசோதனையும் நடைபெறல் வேண்டும்.

குறைகளை வெளியிட்டால் மக்கள் பீதியடைவர், நிறுவனங்களின் நற்பெயர் கெடும் என்ற வாதம் எழக்கூடும். திருத்தப்பட்ட குறையைத் திருத்தப்பட்டதாகவே வெளியிட்டால் நற்பெயர் வளருமேயன்றிக் குன்றாது. நோயாளரின் அந்தரங்கம் பேணப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் கிருமி நீக்கும் கருவி பழுதடைந்திருப்பதும் தாதியர் போதாதிருப்பதும் எந்த நோயாளியின் அந்தரங்கமும் அல்ல.

எம்மிடம் சட்டத்தின் துணையும் உண்டு. 2015இல் நிறைவேறிய 19ஆவது திருத்தம் தகவலறியும் உரிமையை அரசியலமைப்பில் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், விண்ணப்பம் குறித்து 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். வர்த்தக இரகசியம் போன்ற விதிவிலக்குகள் இருப்பினும், பொதுநலன் மேலோங்குமிடத்து தகவல் வழங்கப்பட வேண்டுமெனவும் அச்சட்டம் கூறுகின்றது. ஆயினும் நோயாளியைக் கட்டிலில் வைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுதி, பதில் வரும்வரை காத்திருக்க எந்தக் குடும்பத்தால் முடியும்?

ஆகவே, கேட்ட பின் கொடுப்பதை விடுத்து, கேளாமலே வெளியிடும் நடைமுறை வேண்டும். பரிசோதனை நடந்த திகதி, கண்ட குறைகள், திருத்துவதற்கான கால எல்லை, மீள்பரிசோதனையின் முடிவு ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் அடக்கிவிடலாம். அப்பக்கம் மும்மொழிகளிலும் அமைதல் அவசியமாகும். வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் வாழும் தமிழ் பேசும் மக்களுக்குப் புரியாத மொழியில் தொங்கும் அறிக்கை, மறைக்கப்பட்ட அறிக்கைக்கு ஒப்பானதே. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வராத அரச வைத்தியசாலைகளுக்கும் இதே நடைமுறை பொருந்துதல் வேண்டும். ஏழை மக்களின் ஒரே புகலிடம் அவையே.

உணவகத்தின் அசுத்தத்தை அறியும் உரிமை மக்களுக்கு இருக்குமாயின், உயிரை ஒப்படைக்கும் இடத்தின் நிலையை அறியும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. சுகாதார அமைச்சு இதனைக் கவனத்திற் கொள்ளும் என எதிர்பார்க்கின்றோம்.