உங்களுக்குத் தெரியுமா? டூரிங்குக்கே வாத்தியார்!

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றதும் ஆலன் டூரிங் பெயரைச் சொல்லிவிடுவோம். அவர் டாக்டர் பட்டம் வாங்க வழிகாட்டியவர் யார் என்று கேட்டால் பலரும் முழிப்பார்கள். அவர்தான் அலோன்சோ சர்ச். 1903-ல் வாஷிங்டனில் பிறந்தவர். 1929 முதல் 1967 வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய தர்க்கவியலாளர். இன்று நாம் பார்க்கும் கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே, அதனால் எது முடியாது என்பதைப் பேனாவும் காகிதமும் கொண்டு நிரூபித்துக் காட்டியவர்.

● எந்தத் தர்க்க வாக்கியத்தைக் கொடுத்தாலும், அது எப்போதும் உண்மையா இல்லையா என்று மூளையைக் கசக்காமல், விதிப்படி நடந்தே சொல்லிவிடும் ஒரு வழிமுறை இருக்கிறதா? 1928-ல் கணிதவியலாளர்கள் ஹில்பர்ட்டும் ஆக்கர்மனும் இந்தக் கேள்வியைப் புத்தகத்திலேயே எழுதி வைத்தார்கள். 'இல்லை, இருக்கவும் முடியாது' என்று 1936-ல் முதலில் அச்சேற்றியவர் சர்ச். அதே சமயம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 23 வயது டூரிங் வேறு வழியில் அதே விடைக்கு வந்திருந்தார். சர்ச்சின் கட்டுரை முந்திக்கொண்டது தெரிந்ததும் டூரிங்கின் ஆசிரியர் மேக்ஸ் நியூமன் செய்த காரியம் அருமையானது: 'இந்தப் பையன் உங்களிடமே வந்து படிக்கட்டும்' என்று சர்ச்சுக்கு எழுதிவிட்டார். அந்த வருடம் செப்டம்பரில் டூரிங் பிரின்ஸ்டனில்.

● 'டூரிங் மெஷின்' என்ற பெயரை வைத்ததே சர்ச்தான்! 1937-ல் டூரிங்கின் கட்டுரைக்கு மதிப்புரை எழுதியபோது அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். கணக்கிடுதல் என்றால் என்ன என்பதை டூரிங்கின் விளக்கம் பார்த்தவுடனே புரிய வைக்கிறது என்றும் அதில் ஒப்புக்கொண்டார். இதே விஷயத்தில் சர்ச் சொன்ன விளக்கத்தை அதற்கு முன்பே கேட்டிருந்த தர்க்கவியலாளர் கூர்ட் கோடல், கொஞ்சமும் திருப்தியில்லை என்று தள்ளிவிட்டிருந்தார். டூரிங்கின் கட்டுரையைப் பார்த்த பிறகுதான் சமாதானமானார். இன்று அந்த விளக்கத்தை இரண்டு பேர் பெயரையும் சேர்த்து 'சர்ச்-டூரிங் கொள்கை' என்கிறோம். கண்டது இருவரும்; நம்ப வைத்தது டூரிங். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

● சர்ச் உருவாக்கிய 'லாம்டா கால்குலஸ்' ஒரு விசித்திரமான உலகம். அங்கே எண்ணே கிடையாது, எல்லாம் செயல்தான். 3 என்றால், 'ஒரு வேலையை மூன்று தடவை செய்' என்று பொருள். ஐந்தோடு மூன்றைக் கூட்டுவது சுலபம்: ஐந்து தடவை செய்துவிட்டு, மேலும் மூன்று தடவை செய்தால் தீர்ந்தது. பெருக்கலுக்கும் பெரிய கஷ்டமில்லை. ஆனால் ஒன்றைக் கழிக்க வேண்டுமே! செய்ததை எப்படிச் செய்யாததாக்குவது? முடியாதோ என்று சர்ச்சுக்கே சந்தேகம். 1932-ல் அவருடைய மாணவர் ஸ்டீபன் கிளேனி ஞானப்பல் பிடுங்கிக்கொள்ளப் பல் டாக்டரிடம் போனார். அங்கே பொறி தட்டியது. எண்ணைத் தனியாக நகர்த்தாமல், அதன் முந்தைய எண்ணையும் கூடவே கூட்டிப்போவது. இன்றைய பாடப்புத்தகங்கள் அதை ஜோடியாகக் காட்டும்: (0,0)-ல் தொடங்குங்கள். ஒவ்வொரு அடியிலும் வலது எண் இடப்பக்கம் வரும். வலப்பக்கத்தில் அதைவிட ஒன்று கூடுதலாக உட்காரும். (0,1), (1,2), (2,3). மூன்று அடி வைத்தாயிற்றா? இடது எண்ணைப் பாருங்கள், 2. மூன்றில் ஒன்று போயிற்று!

● இந்தக் கிளேனிதான் இன்னொரு மாணவர் பார்க்லி ராஸருடன் சேர்ந்து வாத்தியார் தலையில் கல்லைப் போட்டார். கணிதம் முழுவதற்கும் அடித்தளமாக சர்ச் எழுப்பிய தர்க்க அமைப்பு தன்னைத்தானே மறுக்கிறது என்று 1935-ல் இருவரும் நிரூபித்துவிட்டார்கள். சர்ச் இடிந்ததை ஒதுக்கிவிட்டு, அதற்குள் பழுதில்லாமல் இருந்த கணக்கிடும் பகுதியான லாம்டா கால்குலஸை மட்டும் எடுத்துக்கொண்டார். அடுத்த வருடத்து நிரூபணம் அதிலிருந்துதான் வந்தது.

● ஏன் லாம்டா? அந்தக் கிரேக்க எழுத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சர்ச்சின் மருமகனும் தர்க்கவியலாளருமான ஜான் அடிசன் ஒரு தபால் அட்டையில் கேட்டார். அதே அட்டை திரும்பி வந்தது. ஓரத்தில், ஆங்கிலச் சிறுவர்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கப் பாடும் நம்மூர் 'இங்கி பிங்கி' போன்ற வரி! பழைய குறியீடு ஒன்று அச்சில் உருமாறி லாம்டா ஆனது என்று இன்னொரு கதையும் உண்டு. எது எப்படியோ, ஜான் மெக்கார்த்தி தன் லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழிக்குள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். பைத்தானில் அது இருக்கிறது. 2014-ல் ஜாவாவுக்கும் வந்தது. எக்செலில்கூட லாம்டா என்று ஒரு ஃபார்முலா உண்டு.

● சர்ச்சின் வகுப்பு கரும்பலகையைத் துடைப்பதில் தொடங்கும். சும்மா அல்ல. தண்ணீர், சோப்பு, பிரஷ் எல்லாம் வைத்துக் கழுவுவார். காயும்வரை மாணவர்கள் பேசாமல் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே பளிச்சென்று இருந்தாலும் விடமாட்டார். அவரிடம் படித்த ஜான்-கார்லோ ரோட்டா இதை ரசித்து எழுதியிருக்கிறார்.

● பள்ளிப் பருவத்தில் சர்ச்சுக்கு ஏர்கன் விபத்தில் ஒரு கண் பார்வை போனது. பிரின்ஸ்டனில் படிக்கும்போது அந்தப் பக்கமிருந்து வந்த டிராம் வண்டியைக் கவனிக்காமல் அடிபட்டார். ஆஸ்பத்திரியில் பழக்கமானவர் பயிற்சி நர்ஸ் மேரி. 1925-ல் கல்யாணம், 1976-ல் மேரி இறக்கும்வரை நீடித்த இல்லறம்.

● சர்ச்சிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் முப்பதுக்கும் மேல். என்னைக் கேட்டால், அவருடைய மிகப் பெரிய படைப்பு இந்தப் பட்டியல்தான். பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் '10 பிரிண்ட்' என்று பேசிக் மொழியில் தட்டிப் பழகியவரா நீங்கள்? தாமஸ் கர்ட்ஸுடன் சேர்ந்து 1964-ல் அதை உருவாக்கிய ஜான் கெமெனி, சர்ச்சின் மாணவர். மைக்கேல் ராபின், டேனா ஸ்காட் இருவரும் அப்படியே. 1957 கோடையில் ஐபிஎம்மில் ஒன்றாக வேலை பார்த்தபோது, ஒரே நேரத்தில் பல பாதைகள் திறந்திருக்கும் தானியங்கியைப் பற்றி யோசித்தார்கள். 1959-ல் வெளியான அந்தக் கட்டுரைக்காக 1976-ல் இருவருக்கும் டூரிங் விருது. ஒரு மாணவர் பெயரிலுள்ள விருது வேறு இரண்டு மாணவர்களுக்கு! வாத்தியாருக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை.

● 'ஜர்னல் ஆஃப் சிம்பாலிக் லாஜிக்' இதழ் 1936-ல் தொடங்கியதிலிருந்து 1979 வரை மதிப்புரைப் பகுதியை சர்ச்தான் கவனித்தார். தத்துவ அறிஞர் லைப்னிட்ஸின் நூல் வெளிவந்த 1666-லிருந்து 1935 வரை இந்தத் துறையில் வந்தவற்றைத் தேடிப் பட்டியல் போட்டதும் அவரே. பிரின்ஸ்டனை விட்டதும் ஓய்வெடுத்தாரா என்றால் அதுவும் இல்லை. 64 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்து, 87 வயதில்தான் வேலையை விட்டார். 1995-ல் காலமானார்.

● கடைசியாக ஒரு ஆரஞ்சுக் கதை; இதிலும் சர்ச் உண்டு. உருண்டைகளை அடுக்க, பழக்கடைக்காரர் ஆரஞ்சை அடுக்கும் முறையைவிட நெருக்கமான வழி கிடையாது என்று 1611-ல் வானியலாளர் கெப்ளர் சொன்னார். அதற்குக் கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் 1998-ல் கொடுத்த நிரூபணத்தை நடுவர்களால் முழுசாகச் சரிபார்க்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு படியையும் கம்ப்யூட்டரையே சோதிக்கவிட்டு, 2014-ல் வேலையை முடித்தார்கள். அதற்குப் பயன்பட்ட ஹெச்ஓஎல் லைட், இசபெல் ஆகிய இரண்டு மென்பொருள்களும் நிற்பது, சர்ச் 1940-ல் 13 பக்கக் கட்டுரையாக எழுதிய வகைக் கோட்பாட்டின் (டைப் தியரி) மீதுதான்.