காவிரித் தீவும் கண்டோன்மெண்ட் தமிழரும்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் ரயில், பாண்டவபுரத்தைத் தாண்டியதும் ஒரு பாலத்தின் மீது ஏறுகிறது, கீழே காவிரி. அடுத்த நிலையம் ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கிருந்து புறப்பட்டதும் மறுபடியும் ஒரு பாலம். கீழே மறுபடியும் காவிரி! புதிதாகப் பயணம் செய்வோர் இது என்ன விந்தை என்று திகைப்பதுண்டு. காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்று சேரும் இடைவெளியில் அமைந்த தீவுதான் ஸ்ரீரங்கப்பட்டணம்.

நீளம் சுமார் 5 கிலோ மீட்டர். அகலம் சுமார் ஒன்றரை கிலோ மீட்டர். அவ்வளவுதான். ஆனால் பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர் போன்ற பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்களின் கதைக்கும் இந்தச் சிறு தீவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஆதி ரங்கம்

தீவின் மேற்குப் பகுதியில் அரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். இது ஆதி ரங்கம். ஆற்றின் போக்கில் சிவசமுத்திரம் மத்திய ரங்கம்; திருச்சி ஸ்ரீரங்கம் அந்திய ரங்கம். மூன்றுமே காவிரித் தீவுகள்.

ஆறே அகழியாக அமைந்ததால் அரசர்களின் கண் இத்தீவின் மீது விழுந்தது. விஜயநகர ஆட்சியின்போது 1454-ல் இங்கு கோட்டை எழுந்தது. 1610-ல் ராஜ உடையார் இதைக் கைப்பற்றித் தம் தலைநகராக்கினார். மைசூர் தசரா விழா முதலில் தொடங்கியதும் இங்கேதான். பின்னர் ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் இங்கிருந்தே ஆண்டனர்.

தீவில் எழுதிய தமிழக வரலாறு

திப்பு 1784-ல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில் பெரிய போர்க்களக் காட்சி ஒன்று தீட்டப்பட்டுள்ளது. அது காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780 செப்டம்பரில் நடந்த போர். கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை அங்கு மைசூர்ப் படையிடம் அடியோடு தோற்றது. சிறைப்பட்டவர்கள் இத்தீவுக்குக் கொண்டு வரப்பட்டனர்.

பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. காரன்வாலிஸ் பிரபு கோட்டையை முற்றுகையிட, 1792 மார்ச்சில் இங்கே உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திப்பு தம் ராஜ்யத்தில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. பணம் கட்டி முடியும் வரை அவருடைய புதல்வர் இருவர் சென்னையில் பிணையாக வைக்கப்பட்டனர். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல் வட்டாரங்கள் கம்பெனி வசமானது இந்த உடன்படிக்கையால்தான்.

1799 மே 4. கோடையில் காவிரி வற்றிக் கிடந்த நேரம். அகழி காக்கவில்லை. பிற்பகலில் கம்பெனிப் படை ஆற்றைக் கடந்து, உடைந்த மதில் வழியே உள்ளே நுழைந்தது. அப்படையை நடத்தியவர் டேவிட் பேர்டு. பொள்ளிலூரில் சிறைப்பட்டு 1784 வரை இதே ஊரில் கைதியாகக் கிடந்தவர் அவர்! திப்பு போரிட்டபடியே கோட்டைக்குள் வீழ்ந்தார். அவருடைய குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். 1806 ஜூலையில் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, கோட்டையில் ஏற்றியது திப்புவின் கொடியை.

கொசுவுக்குத் தோற்ற படை

தலைநகரம் மைசூருக்கு மாறியது. தீவைத் தன்னிடமே வைத்துக்கொண்ட கம்பெனி, அங்கே படையை நிறுத்தியது. திப்புவை வென்ற படையைக் காய்ச்சல் வென்றது. சிப்பாய்கள் கொத்துக் கொத்தாகப் படுத்தனர். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்டு ராஸ் கண்டறிந்ததே 1897-ல்தான். எனவே அன்று காரணம் யாருக்கும் விளங்கவில்லை. இடத்தின் காற்று ஆகவில்லை என்றே எண்ணினர். கடைசியில் 1809-ல் படை பெங்களூருக்கு மாற்றப்பட்டது. உயரமான இடம், குளிர்ந்த காற்று. பெங்களூர் கண்டோன்மெண்ட் பிறந்தது இப்படித்தான்.

படை வந்தால் அதன் பின்னே ஒரு ஊரே வரும். சிப்பாய்களின் குடும்பங்கள், கொத்தனார்கள், சமையற்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள், தோட்டக்காரர்கள், வியாபாரிகள், காண்டிராக்டர்கள், பிறகு குமாஸ்தாக்கள் என்று சென்னை ராஜதானியிலிருந்து தமிழர்கள் வந்து குடியேறினர். கண்டோன்மெண்டின் கட்டடங்களிலும் சாலைகளிலும் அவர்களுடைய வியர்வை கலந்திருக்கிறது.

1881-ல் மைசூர் ராஜ்யம் மீண்டும் உடையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது ஆங்கிலேயர் பெங்களூர் கண்டோன்மெண்டைத் தம் வசம் வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஸ்ரீரங்கப்பட்டணம் தீவைக் கொடுத்தனர். ஆக, தீவுக்கு ஈடாகக் கைமாறியது தமிழர் நிறைந்த ஊர்! 1947-ல்தான் கண்டோன்மெண்ட் மைசூருடன் மீண்டும் இணைந்தது.

இன்று தீவில் அரங்கநாதர் கோயில், ஜும்மா மசூதி, தரியா தௌலத், ஹைதரும் திப்புவும் துயிலும் கும்பஸ், ஆறுகள் கூடும் சங்கமம் ஆகியவற்றை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். இரட்டை ரயில் பாதைக்காக 2017-ல் திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்றை இடிக்காமல் அப்படியே நகர்த்தி வைத்திருக்கிறார்கள், அதையும் காணலாம்.

"எங்கள் தாத்தா காலத்தில் வந்தோம்" என்று சொல்லும் குடும்பங்கள் பெங்களூரில் ஏராளம். கண்டோன்மெண்ட் தமிழரின் கணக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்தக் கணக்கின் முதல் வரி இந்தத் தீவில் இருக்கிறது. விடுமுறை நாளில் மைசூர் செல்வோர், பிள்ளைகளுடன் இங்கே இறங்கி அதைச் சொல்லிக் காட்டலாம்.