உங்களுக்குத் தெரியுமா? நீல நெருப்பு எரிமலைக் குழம்பு அன்று

கிழக்கு ஜாவாவிலுள்ள காவா ஈஜென் எரிமலையின் வாய்க்குள் நள்ளிரவில் முகமூடியணிந்து இறங்கும் யாத்திரிகர்கள் படம்பிடித்து வரும் நீல ஒளி, பலரும் நம்புவதுபோல் நீலநிறத் தீக்குழம்பு அன்று. பாறைப் பிளவுகளின் வழியே மிகுந்த உஷ்ணத்தோடு பீறிட்டு வரும் கந்தக வாயு, காற்றைத் தொட்ட மாத்திரத்தில் பற்றியெரிவதும், அதில் ஒரு பகுதி திரவமாகி எரிந்தபடியே சரிவில் வழிவதுமே அத்தோற்றத்துக்குக் காரணம். அதே புகையினூடே, மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொண்டு, 70 கிலோவுக்கும் மேற்பட்ட கந்தகக் கட்டிகளை மூங்கில் கூடைகளில் தோளேற்றிச் செல்லும் தொழிலாளர்களுக்கு, பாவம், இது வேடிக்கையன்று, ஜீவனம். சூரியப் பிரகாசத்தில் சுவாலை புலப்படாதாகையால், இருளில் காமிராவை மூன்றுகால் தாங்கியில் நிறுத்திப் பல விநாடிகள் ஒளியைப் பதியவிட்டுப் படமெடுப்பது வழக்கம். ஆகவே படத்தில் அருவியாய்ப் பெருகும் சுவாலை நேரில் அத்தனை ஆர்ப்பாட்டமாய் இராது.