சாக்கடை சொன்ன சேதி

தோட்டத் தோழர்களே! "சாக்கடையில பாக்க என்ன இருக்கு? நாத்தந்தான்!" என்று நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஆனால், சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளின் சாக்கடைத் தண்ணீரைத்தான் 2020-ஆம் ஆண்டில் எடுத்து ஆராய்ந்தார்கள். ஏன்?

அது கொரோனா பரவிய ஆண்டு. தமிழ்நாடு, வங்காளதேசம் முதலிய இடங்களிலிருந்து பிழைக்க வந்த லட்சக்கணக்கான தொழிலாளர்கள் விடுதிகளில் இருந்தார்கள். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள். பலருக்கும் பொதுவான கக்கூசு. ஏப்ரல் 5-ஆம் தேதி பொங்கோல், தோ குவான் ஆகிய இடங்களிலுள்ள இரண்டு விடுதிகள் அடைக்கப்பட்டன. உள்ளே சுமார் 20,000 பேர். ஞாயிற்றுக்கிழமை ஜேஜே என்றிருக்கும் தேக்காவும் சிராங்கூன் சாலையும் வெறிச்சோடிப் போயின.

நோய் யாரிடம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிலருக்குக் காய்ச்சலே காணாது. ஆனாலும் கிருமியின் துணுக்குகள் மலத்தோடு வெளியேறும். அதனால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தார் விடுதிக் கழிவுநீரைச் சேகரித்துச் சோதித்தார்கள்.

குடம் தண்ணீரில் ஒரு துளி விஷத்தைத் தேடுவது போன்ற வேலை இது. கிருமியின் மரபுப் பொருளில் அதற்கே உரிய ஒரு பகுதியைப் பிரதி எடுக்கிறார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டிவிடும்! அப்புறம் கருவியின் கண்ணுக்குத் தப்புமா? கேரி மல்லிஸ் என்ற அமெரிக்கர் 1983-ல் கண்ட முறை இது. 1993-ல் நோபல் பரிசு பெற்றார். இந்தக் கலைக்கு மூலக்கூற்று உயிரியல் என்று பெயர்.

இதில் ஒரு நன்மையைக் கவனியுங்கள். ஆயிரம் பேர் மூக்கில் குச்சி விடுவதற்கு முன்னால், ஒரு புட்டித் தண்ணீரே "இந்தக் கட்டடத்தில் கிருமி உண்டு" என்று சொல்லிவிடும். இன்னார் என்று காட்டிக் கொடுக்காது. பிறகு அந்தக் கட்டடத்தாரைச் சோதித்தால் போதும்.

ஆனால் தோழர்களே, சாக்கடை சேதிதான் சொல்லும், நோயைத் தடுக்காது. 2020 டிசம்பர்க் கணக்குப்படி விடுதித் தொழிலாளர்களில் நூற்றுக்கு 47 பேரை அந்நோய் தொட்டுவிட்டிருந்தது. நெருக்கடியான அறைதான் கிருமிக்கு மெத்தை விரித்தது. காற்றும் இடமும் கொடுக்காமல் கருவியை மட்டும் வைத்து என்ன பயன்?

நம் லயத்துக்கும் இது பாடம். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதன் பக்கத்தில் கக்கூசுக் குழி இருக்கிறதா? தண்ணீரைச் சோதித்தார்களா? "முடிவு என்னங்க?" என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமா? சங்கத்தின் மூலம் கேளுங்கள். பதில் வரும்வரை தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தே பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அறிவது அவர்கள் வேலை என்று விட்டுவிடாதீர்கள்; கேட்பது நம் உரிமை!